யார் கையில் எந்த நாவல்?

மனம் சரியில்லாதவர்களுக்குப் படிக்க ஒரு நாவல் சொல்லுங்கள் என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. சிற்றூரில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பதால் வந்த வினை. மருந்துக்கடையில் தலைவலிக்கு மாத்திரை கேட்பதுபோலக் கேட்பார்கள். நாங்களும் கடைக்காரரைப் போலவே அதிகம் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அப்படி எடுத்துக்கொடுத்த நாவல் ஒன்று எங்கள் சொந்தக் குடும்பத்திலேயே என்ன செய்தது என்பதைச் சொல்லவும், அதன் பிறகு நாங்கள் திருத்தி வைத்துக்கொண்ட ஒரு சிறு பட்டியலைப் பகிர்ந்துகொள்ளவுமே இதை எழுதுகிறோம்.

'நாங்கள்' என்பது இங்கே பத்திரிகைப் பன்மை அல்ல. ஒரு கணவன், ஒரு மனைவி. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் வசிக்கிறோம். பட்டுத்தறி ஊர். ஒரு காலத்தில் விடியற்காலையில் தெருவில் நடந்தால் இரு பக்கத்து வீடுகளிலிருந்தும் தறிச்சத்தம் கேட்கும் என்பார்கள். இன்று இடையிடையே மௌனமான வீடுகள் மிகுந்துவிட்டன. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். எங்களிடமும் இப்போது தறி இல்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீட்டில் இருக்கிறது. அது அண்ணன் வீடு. எங்களில் ஒருவருக்கு அவர் உடன்பிறந்த அண்ணன், மற்றவருக்கு மைத்துனர். எட்டாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவர், அறுபதை நெருங்கும் இந்த வயதிலும் இறங்கிக்கொண்டிருக்கிறார். அண்ணி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

அண்ணனுக்கு ஒரே மகள். படித்து, வெளியூரில் வேலைக்குப் போய், அங்கே பழகிய ஒருவரை மணந்துகொண்டாள். அண்ணன் திருமணத்துக்குப் போகவில்லை. நாங்கள் போனோம், அதற்காக எங்களோடும் ஓராண்டு பேசாமலிருந்தார். நான்காண்டுகள் கழித்து, சென்ற ஆவணியில், இரண்டு பெட்டிகளோடு அவள் தனியே திரும்பி வந்தாள். ஏன், எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. அவள் சமைத்து வைப்பாள், அவர் சாப்பிடுவார், பேச்சு மட்டும் கிடையாது.

தறிவீட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், நெசவு தனியாள் வேலையல்ல. தறியில் ஒருவர் உட்கார்ந்தால் இராட்டையில் ஒருவர் தார் சுற்றித் தரவேண்டும். நாடாவுக்குள் இருக்கும் தார் தீரத் தீர, அடுத்தது கைக்கருகில் இருக்கவேண்டும். அண்ணி இருந்தவரை அது அவர் வேலை. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் கூலிக்குச் சுற்றிக் கொடுத்து வந்தார். சிறுமியாக இருந்தபோதே தார் சுற்றப் பழகிய மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க, அண்ணன் பக்கத்து வீட்டில் கூலி கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் தானாகப் போய் இராட்டை முன் உட்காரவில்லை. எங்களுக்கு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உறுத்தியது அந்த இராட்டைதான்.

மாலை நேரங்களில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பெட்டியில் இரண்டு ஆங்கிலப் புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்று, ஜப்பானியரான தோஷிகாசு கவாகுச்சியின் நாவல், 2015இல் வெளிவந்தது. காப்பி ஆறிப்போவதற்கு முன்பு என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். டோக்கியோவில் ஒரு சிறிய காப்பிக்கடை. அங்கே குறிப்பிட்ட நாற்காலியில் அமர்பவர் கடந்த காலத்துக்குப் போய்வரலாம். ஆனால் போய் எதைச் செய்தாலும் நிகழ்காலம் மாறாது. காப்பி ஆறுவதற்குள் திரும்பிவிடவும் வேண்டும். மற்றது, கொரிய எழுத்தாளர் ஹ்வாங் போரம் 2022இல் வெளியிட்ட நாவல். வேலையையும் திருமணத்தையும் விட்டு வெளியேறிய ஒரு பெண், சந்துக்குள் ஒரு புத்தகக்கடை திறந்து, மெல்ல மெல்லத் தன்னை மீட்டுக்கொள்வதைச் சொல்வது. ஜப்பானிலும் கொரியாவிலும் இப்படியான நாவல்கள் ஒரு தனி வகையாகவே உருவாகி உலகமெங்கும் விற்கின்றன. ஆற்றுப்படுத்தும் புனைவு என்று நாம் பெயர் வைக்கலாம். சிலர் இவற்றை இலேசானவை என்று ஒதுக்குகிறார்கள். அவள் கொடுத்து நாங்களும் படித்தோம், ஒதுக்கத் தோன்றவில்லை. நடந்ததை மாற்ற முடியாது, ஆயினும் அதன் முன்னால் ஒருமுறை உட்கார்ந்து வரலாம் என்கிற எண்ணம் சாதாரணமானதல்ல.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "அத்தை, தமிழ்ல இந்த மாதிரி இருக்கா? குடும்பம், காதல், எல்லாம் இருக்கணும். ஆனா படிச்சு முடிச்சா மனசு கொஞ்சம் லேசாகணும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தமிழ் நாவலில் குடும்பத்துக்குப் பஞ்சமில்லை. காதலுக்கும் பஞ்சமில்லை. மனம் இலேசாவதுதான் சிக்கல். நம் நாவலாசிரியர்கள் கடைசிப் பக்கத்தில் யாரையும் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவதில்லை. எங்கள் வாசிப்புப் பெருமிதம் வேறு குறுக்கிட்டது. இலேசானதைக் கேட்கிறாள், நாம் ஆழமானதைக் கொடுப்போம் என்று நினைத்தோம். இமையத்தின் 'செல்லாத பண'த்தை எடுத்துக் கொடுத்தோம்.

அந்த நாவலைப் படித்தவர்கள் இந்த இடத்தில் எங்களைத் திட்டுவார்கள். திட்டவேண்டியதுதான். 2018இல் க்ரியா வெளியீடாக வந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நாவல் அது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை விரும்பி மணக்கிறாள். தலைமையாசிரியரான தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. மணவாழ்க்கை துன்பமாகிறது. ஒரு நாள் அவள் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரின் பேச்சுதான். அழுகை, வசை, பழைய கணக்குகள், மறுபடியும் அழுகை. மகளைக் காப்பாற்ற எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக நிற்கிறார்கள். அந்த இடத்தில் பணம் செல்லவில்லை. எங்கள் தலைமுறையில் வந்த மிக முக்கியமான குடும்ப நாவல்களில் ஒன்று என்பதில் எங்களுக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் தந்தைக்குப் பிடிக்காத திருமணத்தைச் செய்து, அது முறிந்து, பேசாத தந்தையின் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும் ஒரு பெண்ணின் கையிலா அதைக் கொடுப்பது?

நான்காம் நாள் முதல் அவள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து நாங்களே போனோம். "பாதிதான் படிச்சேன். என்னால முடியல மாமா" என்றாள். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல" என்றாள். புத்தகத்தைத் திருப்பிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அது அங்கேயே எங்கேயோ கிடந்தது.

அதன் பிறகு நடந்ததை நாங்கள் திட்டமிடவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் அந்தப் புத்தகம். அட்டையில் தாள் சுற்றியிருந்தார். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல. நாளிதழுக்கு மேல் எதையும் அவர் படித்து நாங்கள் பார்த்ததில்லை. தங்கையிடம் புத்தகத்தை நீட்டினார்.

"படிச்சிட்டேம்மா. இருபது நாளாச்சி."

நாங்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். காப்பி கொடுத்தோம். குடித்துவிட்டு எழுந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அந்த வாத்தியாரு முன்னாடியே போயி உக்காந்து பேசியிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும், மாப்ளே?"

அவ்வளவுதான். அந்த நாவலைப் பற்றி நாங்கள் படித்த எந்த விமர்சனமும் இந்த ஒரு கேள்வியைத் தாண்டிப் போகவில்லை.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, தறியிலிருந்தபடியே, "தாரு தீந்துடுச்சி, ரெண்டு சுத்திக் குடு" என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவள்தான் வந்து சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, எங்களுக்குத்தான் கண்கள் கலங்கின. அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு திருமணத்துக்காக வெளியூர் போயிருந்தார் என்பதும் உண்மை. ஆகவே எல்லாவற்றையும் நாவலின் கணக்கில் வரவு வைக்க நாங்கள் துணியவில்லை. அப்பாவும் மகளும் மறுநாளிலிருந்து சிரித்துப் பேசினார்கள் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். ஆனால் இராட்டை சுழன்றது. பேச வேறெதுவும் இல்லாவிட்டாலும் தாரைக் கேட்கவும் கொடுக்கவும் இரண்டு வார்த்தைகள் வேண்டியிருந்தன.

இந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றே. குடும்பம், காதல், மனக்காயம் பற்றிய நாவல்களைப் பரிந்துரைக்கும்போது, நல்ல நாவலா என்று மட்டும் கேட்டால் போதாது. யார் கையில் போகிறது என்றும் கேட்கவேண்டும். காயம்பட்டவர் படிக்கவேண்டியது ஒன்று. காயப்படுத்தியவர் படிக்கவேண்டியது வேறொன்று. நம் தமிழின் மிகச் சிறந்த குடும்ப நாவல்கள் பலவும் இரண்டாமவருக்காக எழுதப்பட்டவை. ஆனால் புத்தகம் கேட்டு வருவது எப்போதும் முதலாமவர்தான்.

இரண்டாமவருக்கான வரிசையில் 'செல்லாத பண'த்தோடு பெருமாள்முருகனின் 'பூக்குழி'யை (2013) வைக்கிறோம். சோடாக்கடையில் வேலை செய்யும் குமரேசன் வேற்றுச்சாதிப் பெண்ணான சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். அந்த ஊர் அவளை என்ன செய்கிறது என்பதே நாவல். தருமபுரி இளவரசனின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல். ஆங்கில வழி உலகுக்கும் போய், 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. இதில் கொடுமை செய்பவர்கள் எங்கிருந்தோ வந்த வில்லன்கள் அல்லர். முதல் வசை குமரேசனின் தாய் மாராயியின் வாயிலிருந்தே வருகிறது. அவளும் கணவனை இழந்து ஒற்றை மகனைப் பாடுபட்டு வளர்த்தவள். பிள்ளைமேல் வைத்த பாசமே இன்னொரு பெண்மீது வெறுப்பாகத் திரும்புவதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய நாவல்கள் குறைவு. பெற்றோர் படிக்கவேண்டும். சமீபத்தில் ஊரை எதிர்த்து மணந்துகொண்டவர்களுக்கு மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

காயம்பட்டவருக்கு? இதற்குத்தான் நாங்கள் அதிகம் தேடினோம். முதலில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977இல் வந்த நாவலைச் சமகாலத்தில் சேர்க்கலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இன்று ஒரு பெண் எடுத்துப் படித்து, இது என்னைப் பற்றியது என்று சொன்னால், அது இன்றைய நாவல் என்பதே எங்கள் அளவுகோல். மீனவக் குடும்பத்துப் பெண் பிலோமி. சாமிதாஸ்மீது அவள் கொண்ட காதல் கூடிவரவில்லை. வீட்டிலும் இழப்பு. ஆனால் நாவல் அவளை அழித்துவிடுவதில்லை. தற்கொலைக்கோ சாபத்துக்கோ அனுப்புவதில்லை. அவளைச் சுற்றிச் சில நல்ல மனிதர்களை நிற்கவைக்கிறது. வாத்தி என்று அவள் அழைக்கும் மனிதரோடு உண்டாகும் நட்பு, பெயரிட முடியாத ஒரு துணை. இழந்த காதலை வெறுக்காமலேயே அவளால் அதைத் தாண்டி நடக்க முடிகிறது. சிறிய நாவல்; இரண்டு மாலைகளில் படித்துவிடலாம்.

அடுத்து சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' (2002). வேதாரண்யம் பக்கத்து உப்பள மண். கடல் கடந்து பிழைக்கப் போன கணவன் போனவன்தான். சுந்தராம்பாள் மூன்று பெண் மக்களை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இதில் ஆறுதல் மொழிகள் கிடையாது. பஞ்சம் உண்டு, பசி உண்டு. கரித்த மண்ணில் எதையாவது விளைவித்துத் தின்னும் பிடிவாதம் உண்டு. மகளின் மணவாழ்க்கை நொறுங்கினாலும் தாயின் கதவு திறந்தே இருக்கிறது. அங்கே யாரும் விசாரணை நடத்துவதில்லை. சேர்ந்து வேலைக்குப் போகிறார்கள். நாங்கள் இந்த நாவலை முன்பே படித்திருந்தோம். அண்ணன் வீட்டு இராட்டையைப் பார்த்த பிறகுதான் அதன் அருமை முழுவதும் விளங்கியது. துயரத்தில் இருப்பவருக்கு அந்த வீட்டின் வேலையில் ஒரு பங்கு கொடுப்பதைவிடப் பெரிய ஆறுதல் இருப்பதாகத் தெரியவில்லை.

இருவரும் சேர்ந்து படிக்கவேண்டியவை என்று மூன்றாவது வரிசை ஒன்றும் உண்டு. சுனில் கிருஷ்ணனின் 'நீலகண்டம்' அதில் முதலாவது. தத்தெடுத்து வளர்க்கும் பெண்குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதை அறியும் இளம் தம்பதியின் கதை. குழந்தைமேல் உள்ள அன்பு, தங்களுக்கிடையே வளரும் கசப்பு, இது நாம் தேடிக்கொண்டதுதானே என்று தலைதூக்கும் எண்ணம், அதை நினைத்ததற்காக வரும் குற்றவுணர்வு ஆகிய எதையும் ஆசிரியர் மறைப்பதில்லை. அவர் ஆயுர்வேத மருத்துவர். ஆனாலும் நாவலில் மருந்தெழுதித் தராததை நாங்கள் சிறப்பாகவே கருதுகிறோம். எம். கோபாலகிருஷ்ணனின் 'மனைமாட்சி' (2018) கணவன் மனைவி உறவின் பல முகங்களைப் பொறுமையாகப் பார்ப்பது. கொஞ்சம் பெரிய நாவல். படித்தபோது நாங்கள் இருவரும் இரண்டு முறை சண்டை போட்டோம் என்பதைப் பரிந்துரையாகவே சொல்கிறோம்.

கடைசியாக, எங்கள் ஊர்க்காரர்கள் எவருக்கும் நாங்கள் தயங்காமல் சொல்லும் பெயர் ஒன்று உண்டு: எம்.வி. வெங்கட்ராம். கும்பகோணத்தில் பட்டு நெசவைத் தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர சமூகத்தில் 1920இல் பிறந்தவர். ஜரிகை வியாபாரம் செய்தவர். பதினாறு வயதில் 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கியவர். அவருடைய 'வேள்வித் தீ' பட்டு நெசவாளர் குடும்பத்தின் கதை. தறியும் கூலியும் கடனும் ஒரு பக்கம். கணவன் மனைவிக்கு நடுவே நுழையும் இன்னொரு பெண்ணின் காதல் மறுபக்கம். ஆரணித் தறிக்காரர் ஒருவருக்கு இதை நாங்கள் படித்துக் காட்டியபோது, கதையைவிடத் தொழில் பேச்சுக்கே அவர் அதிகம் தலையாட்டினார். தன் வேலையை அச்சில் பார்ப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் குணமாதல் என்ற சொல்லுக்கு மிக அருகில் செல்வது அவருடைய 'காதுகள்'. 1993ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மகாலிங்கம் என்னும் மனிதனின் காதுகளுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. வசவும் ஆபாசமும் கேலியும் ஓயாமல் ஒலிக்கின்றன. வெளியே குடும்பம், குழந்தைகள், சரிந்துவிட்ட வியாபாரம். இது தம் சொந்த அனுபவமே என்று வெங்கட்ராம் சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகள் அந்தக் குரல்களோடு வாழ்ந்த ஒருவர், அவற்றை எதிரில் உட்காரவைத்து எழுதியிருக்கிறார். நாவலின் முடிவில் குரல்கள் ஒழிந்துவிட்டன என்ற வெற்றி முழக்கம் இல்லை. குரல்களுக்கு நடுவிலும் ஒரு மனிதன் தன் முருகனையும் குடும்பத்தையும் நழுவவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். மனநோயைப் பற்றிப் பேசுவதே அவமானம் என்றிருந்த சமூகத்தில் அவர் அதைத் தம் பெயரிலேயே எழுதினார். கவாகுச்சியின் காப்பிக்கடையில் சொல்லப்படும் அதே விதிதான்: நடப்பது மாறவில்லை, அதன் முன் உட்காரும் மனிதன் மாறுகிறான். ஆனால் இங்கே காப்பி எப்போதோ ஆறிவிட்டது. அவர் எழுந்து போகவில்லை.

அண்ணன் மகள் தைப்பொங்கல் கழிந்து பெங்களூரில் வேறு வேலையில் சேர்ந்தாள். கிளம்புவதற்கு முந்தைய நாள் எங்கள் அலமாரி முன்பு வெகுநேரம் நின்றாள். இம்முறை நாங்கள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே 'கடல்புரத்தில்' நாவலை உருவி எடுத்தாள். "இது அழவைக்குமா அத்தை?" என்று கேட்டாள். கொஞ்சம் அழவைக்கும் என்று உண்மையைச் சொன்னோம். பையில் வைத்துக்கொண்டாள்.

அண்ணனும் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். நேரடியாகப் புத்தகம் கேட்பதில்லை. அலமாரியைப் பார்த்தபடி தறி, கூலி, மழை என்று ஏதேதோ பேசுவார். போன முறை 'அள'த்தைக் கொண்டுபோனார். இன்னும் திருப்பித் தரவில்லை. தாமதமாகும்போது எங்களுக்கு ஒரு நிம்மதி. படித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

நண்பர்கள் தங்கள் பட்டியலையும் சொன்னால் மகிழ்வோம். ஒரு வேண்டுகோள் மட்டும்: நாவலின் பெயரோடு, அதை யார் கையில் கொடுக்கவேண்டும், யார் கையில் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.